அப்பாவுக்குக் கால் நகச்சொத்தை: சர்க்கரை, இதய மாத்திரைகளோடு இதற்கும் மாத்திரை போடலாமா?

பவானி செல்வி கேட்டது

வணக்கம்ங்க. அப்பாவுக்கு வயது 64. பவானியில் ஜமக்காளத் தறி. சின்ன வயதிலிருந்து குழித்தறியில்தான் வேலை. இப்போதும் பாதி நாள் குழியில் இறங்கி உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இரண்டு கால் கட்டைவிரல் நகமும் மஞ்சளாகித் தடித்துப்போய், அடியில் மாவு மாதிரி உதிர்கிறது. வலது கால் நகம் பாதிக்கு மேல் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போர்வை நூலில் மாட்டி இழுத்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. சுண்டுவிரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய் சேற்றுப்புண் வேறு. வலி இருக்கா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறார்.

மருந்துக்கடையில் போய்ச் சொன்னதற்கு ஒரு டியூப் க்ரீமும், வாரம் ஒன்று வீதம் போட ஃப்ளூகோனசோல் 150 மாத்திரையும் கொடுத்தார்கள். ஞாயிறு தோறும் போட்டுக்கொண்டிருந்தார். போன திங்கள் ராத்திரி திடீரென்று வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சே குழறிவிட்டது. மீட்டரில் பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம்தான் எங்களுக்கு உயிர் வந்தது. அன்றைக்குச் சாப்பாடு ஒன்றும் குறையவில்லை. மூன்று வேளையும் வழக்கம்போலத்தான் சாப்பிட்டார்.

தினமும் போடும் மாத்திரைகள்: மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2 சேர்ந்தது காலை, இரவு. அட்டோர்வாஸ்டாட்டின் 40. குளோபிடோக்ரல், ஆஸ்பிரின். மெட்டோப்ரோலால் 25. கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10. கடைசியாக எடுத்த மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 8.9 சதவீதம்.

இப்போது சித்தப்பா வந்து, "அந்த மாத்திரையெல்லாம் வேண்டாம், டெர்பினாஃபின் மூணு மாசம் போட்டா நகம் புதுசா வந்துரும்" என்கிறார். அவருக்கு அப்படித்தான் சரியானதாம். பெரியம்மா நகத்தையே பிடுங்கிவிடச் சொல்கிறார். அப்பாவோ, "நகத்துக்கெல்லாம் ஒரு டாக்டரா" என்று சிரிக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மாத்திரை போடலாமா, பூசுவதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கொடிவேரி ராசு

அம்மணி, பயப்படாதீங்க. எங்க மாமனாருக்கு இதே மாதிரி இருந்தது. கல்லுப்புப் போட்டு நல்லா சூடா வெந்நீர், பொறுக்கிற சூட்டுல, கால் மணி நேரம் காலை முக்கி வைக்கணும். அப்புறம் நகத்தை பிளேடால சொரண்டி விட்டு, வினிகர் தொட்டுப் பஞ்சு வைக்கணும். ராத்திரி மருதாணி அரைச்சுக் கட்டணும். ஆறே மாசத்துல நகம் மாறிப்போச்சு. இங்கிலீஷ் மருந்து ஈரலைத் தின்னுரும்னு சொல்றாங்க. காசும் மிச்சம்.

திண்டுக்கல் மருந்தாளுநர் (ஓய்வு)

செல்வி அம்மா, நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தே வேலைக்காலத்தை முடித்தவன். அதனால் நகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மாத்திரைப் பட்டியலைத்தான் படித்தேன். படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் அந்தத் திங்கள் ராத்திரி. கிளிமிபிரைடை உடைத்து வெளியே அனுப்புகிற ஒரு நொதி கல்லீரலில் இருக்கிறது. ஃப்ளூகோனசோல் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும். வெளியே போகவேண்டிய கிளிமிபிரைடு ரத்தத்திலேயே நின்று, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஞாயிறு போட்ட மாத்திரைக்குத் திங்கள் ராத்திரி எதற்கு வம்பு வருகிறது என்று கேட்கலாம். ஃப்ளூகோனசோல் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 மணி நேரம் பிடிக்கும். அதனால் திங்கள் முழுக்க அது வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு இறங்கியதற்கு இதுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்து நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சாப்பாடு குறையாமல் 58க்கு இறங்கினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழவேண்டும். இன்னொன்று, ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற குளோபிடோக்ரல் உடம்புக்குள் போய் வேறொன்றாக மாறிய பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தையும் ஃப்ளூகோனசோல் குறைக்கும். பொது ஆட்களுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற மாத்திரை, உங்கள் அப்பா மாதிரி ஆளுக்குச் சாதாரணம் கிடையாது.

ஆகவே வருகிற ஞாயிறு அந்த மாத்திரை வேண்டாம். நாளைக்கே சர்க்கரை டாக்டருக்கு போன் போட்டு, 58 வந்ததையும் இது போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளிமிபிரைடை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், அது அவர் முடிவு. இந்த வாரம் படுக்கப்போகும் முன் ஒரு தடவை மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

இப்போது நகத்துக்கு வருகிறேன். அது பூஞ்சைதான் என்று யார் சொன்னது? கேலிக்குக் கேட்கவில்லை. தடித்து மஞ்சளான கால் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி அடிபட்டது, சொரியாசிஸ், வயசு, ரத்த ஓட்டக் குறைவு என்று வேறு வேறு. உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கக் கட்டைவிரல் ஊன்றி மிதிபலகையை மிதித்தவர். அந்த அழுத்தமே இரண்டு கட்டைவிரல் நகத்தையும் இப்படித் தடிக்க வைக்கும். சேற்றுப்புண்ணும் கூடவே இருப்பதால் பூஞ்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்கும் தோன்றுகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட இது இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வரும். ஆனால் மூன்று மாதம் மாத்திரை போடப்போகிறவருக்குத் தோற்றம் மட்டும் போதாது. தோல் பிரிவில் நகத்தின் அடியில் இருக்கிற மாவைச் சுரண்டி எடுத்து, கே.ஓ.ஹெச். என்ற கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அன்றைக்கே சொல்லிவிடலாம். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் வைத்தால் நான்கு வாரம் வரை ஆகும். நகத்துண்டை வெட்டி பயாப்சி மாதிரி சாயம் ஏற்றிப் பார்ப்பதும் உண்டு, அதுதான் அதிகம் தப்பாமல் பிடிக்கும். ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: இத்தனை வாரம் ஃப்ளூகோனசோல் போட்டதால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். சில வாரம் விட்டு எடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

நகத்தில் கறுப்புக் கோடு ஏதாவது நீளமாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை முதலில் காட்டவேண்டும். அது அரிதாகப் புற்றாக இருக்கும்.

சித்தப்பா சொன்ன டெர்பினாஃபின் தப்பான மருந்து இல்லை. கால் நகத்துக்கு முதலில் யோசிக்கிற மாத்திரையே அதுதான். 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். சர்க்கரை மாத்திரைகளோடு ஃப்ளூகோனசோல் மாதிரிச் சண்டை போடாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிரிசியோஃபல்வின்தான் இருந்தது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று வாங்கிப் போவார்கள், நகம் அப்படியேதான் இருக்கும். அதோடு பார்த்தால் டெர்பினாஃபின் பெரிய முன்னேற்றம். ஆனால் சித்தப்பா அமிட்ரிப்டிலின் போடுகிறாரா? மெட்டோப்ரோலால் போடுகிறாரா? இந்த இரண்டையும் உடைக்கிற நொதியை டெர்பினாஃபின் தடுத்துவிடும். அமிட்ரிப்டிலின் ரத்தத்தில் ஏறினால் தூக்கம், வாய் உலர்வு, சிறுநீர் கட்டுவது, எழுந்து நிற்கும்போது தள்ளாட்டம், இதயத்துடிப்புத் தடுமாற்றம். மெட்டோப்ரோலால் ஏறினால் நாடி ரொம்ப மெதுவாகும். டெர்பினாஃபினை நிறுத்திய பிறகும் இந்தத் தடுப்பு சில வாரம் நிற்கும். அதனால் போடவே கூடாது என்பதில்லை. கால் எரிச்சலுக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுக்கலாம், நாடியைக் கவனித்துக்கொள்ளலாம். தோல் டாக்டரும் சர்க்கரை டாக்டரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லை. பார்க்காமல் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு பை. ஜன்னலில் நின்று நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான்.

டெர்பினாஃபின் ஆரம்பிக்கும் முன் கல்லீரல் பரிசோதனையும் கிரியாட்டினினும் எடுக்கவேண்டும். கல்லீரல் நோய் இருந்தாலோ, சிறுநீரகம் பாதிக்குக் கீழே வேலை செய்தாலோ அது வேண்டாம் என்பார்கள். போடும்போது கண் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம், விடாத குமட்டல் என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். சிலருக்கு நாக்கில் ருசியே போய்விடும். சர்க்கரைக்காரருக்கு ருசி போனால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் மாத்திரை அதிகமாகிவிடும். இதையும் யோசிக்கவேண்டும்.

யாராவது இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரையை எழுதினால், "ஸ்டென்ட் வைத்திருக்கிறார், அட்டோர்வாஸ்டாட்டின் போடுகிறார்" என்று உரக்கச் சொல்லுங்கள். கொழுப்பு மாத்திரையை ரத்தத்தில் ஏற்றிவிட்டுத் தசையை உருக்குகிற அளவுக்குப் போகலாம். இதயத்தின் பம்ப் பலவீனமாக இருப்பவர்களுக்கு அதை நகத்துக்காகக் கொடுக்கவே கூடாது.

என்ன போட்டாலும் நகம் மூன்று மாதத்தில் புதுசாக வராது. கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். அடியிலிருந்து நுனி வரை மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம். மருந்து 12 வாரத்தில் முடிந்துவிடும், நகத்துக்குள் தங்கி அதற்குப் பிறகும் வேலை செய்யும். கண்ணுக்கு மட்டும் பழைய மஞ்சள்தான் தெரியும். "கேட்கலை" என்று அதற்குள் மறுபடி ஒரு அட்டை வாங்குகிறவர்கள் உண்டு. டெர்பினாஃபினின் பழைய பெரிய ஆய்வுகளில் பத்தில் ஏழு பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது. நகம் முழுக்கப் பழையபடி ஆனது பத்தில் நான்கு பேருக்கும் கொஞ்சம் குறைவு. எல்லாம் சரியான பிறகு திரும்ப வருவதும் உண்டு. சர்க்கரை 8.9ல் நின்றால் அந்த வாய்ப்பு கூடும்.

நம் ஊரில் இன்னொரு தலைவலி. படர்தாமரைக்கு டெர்பினாஃபின் முன்போல் கேட்பதில்லை. மருந்துக்கு அடங்காத வகை ஒன்று இந்தியாவிலிருந்து உலகம் முழுக்கப் போய், 2020இல் அதற்கு நம் நாட்டை வைத்தே ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்டபடி கலவை க்ரீம் பூசியதற்கு இதில் பங்கு உண்டு என்றுதான் தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் டியூபை எடுத்து மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், தோல் மெலியும். சர்க்கரைக் காலில் மெலிந்த தோல் வேண்டவே வேண்டாம்.

நகத்தைப் பிடுங்குவது பற்றி: காலில் ரத்த ஓட்டம் எப்படி என்று பார்க்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். இதயக் குழாயில் அடைப்பு வந்தவருக்குக் கால் குழாயிலும் இருக்கலாம். பிடுங்கிய இடம் ஆறாமல் போனால் நகத்தில் ஆரம்பித்தது விரலில் வந்து நிற்கும். தடித்த நகத்தை 40 சதவீத யூரியா களிம்பு வைத்து மெதுவாகக் கரைத்து எடுக்கிற வழி இருக்கிறது, கத்தி வேண்டாம்.

ராசு தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாமனாருக்குக் கால் உணர்வு நன்றாக இருந்திருக்கும். "பொறுக்கிற சூடு" என்பது கால் சொல்லவேண்டிய விஷயம். நகம் நூலில் மாட்டி இழுத்தாலே தெரியாத கால் எதைச் சொல்லும்? வெந்நீரில் வெந்துபோய், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். பிளேடும் அப்படித்தான். வினிகரும் மருதாணியும் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. பரிசோதனைக்கு முன் மருதாணி வேண்டாம், நகத்தின் நிறமே தெரியாமல் போய்விடும்.

செல்வி அம்மா, இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். பைசா செலவில்லை. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவாக்கியது. அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை மாற்றி மாற்றி, ஒரு விநாடி, இரண்டு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது. தொட்டதும் வலதா இடதா என்று சொல்லச் சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் கால் உணர்வு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் தடித்த நகம் வேறு விஷயமாகிவிடும். அது கீழே உள்ள சதையை அழுத்திப் புண்ணாக்கும், கூர்மையான ஓரம் பக்கத்து விரலைக் கிழிக்கும், சேற்றுப்புண் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறும், எதுவும் வலிக்காது. அப்பா "ஒண்ணுமில்ல" என்று சொல்வது பொய்யாக இருக்காது, அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம்.

வதனி, ஸ்காபரோ

மருந்தாளுநர் ஐயா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்குப் பெரிதாக இல்லை. பூச்சு மருந்து மட்டும் பாவித்த ஆள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு நீரிழிவும் கொழுப்பு ஈரலும் உண்டு. ஈரல் பரிசோதனையைப் பார்த்த குடும்ப வைத்தியர் குளிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எஃபினாகோனசோல் 10 வீதம் என்ற திரவம் எழுதித் தந்தார். கனடாவில் 2013இலேயே அனுமதி கொடுத்தார்கள். தினமும் ஒரு தரம், 48 கிழமை. நகத்தின் மேலும், கீழும், ஓரத்திலும் தூரிகையால் தடவவேண்டும். முழுவதும் சுகமாகிறவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு என்று முதலே சொல்லித்தான் தந்தார். எனக்கு ஒரு நகம் வடிவாக வந்தது, மற்றது பாதி. விலை கொடுமை.

எனக்கு உண்மையில் உதவியது கைரோபொடிஸ்ட் என்று இங்கே சொல்லும் கால் பராமரிப்பு நிபுணர்தான். சின்ன மெஷினால் நகத்தை அராவி மெல்லியதாக்கி விடுவார். மெல்லிய நகத்தில்தான் பூச்சு உள்ளே இறங்கும், சப்பாத்தும் அழுத்தாது. குளிர்காலத்தில் நாள் முழுக்கப் பூட்ஸுக்குள் கால் வேர்த்து ஊறுவதுதான் என்னுடைய பிரச்சினை. காலுறையை மத்தியானம் ஒருக்கால் மாற்றச் சொன்னார். அதற்குப் பிறகு விரல் இடுக்கில் ஊறுவது நின்றது.

தங்கச்சி, உங்கள் ஊரில் எஃபினாகோனசோல் தேடி அலைய வேண்டாம். அமோரால்ஃபின் 5 வீதம், சிக்ளோபிராக்ஸ் 8 வீதம் என்று நகப்பூச்சுகள் இருக்கின்றன. முதலாவது கிழமைக்கு ஒன்று இரண்டு தரம், இரண்டாவது தினமும். நகத்தின் அடி வேர் வரை பூஞ்சை போயிருந்தால் பூச்சு தனியாக வெல்லாது. லேசர் என்று விளம்பரம் வந்தால் யோசித்துக் காசு கட்டுங்கள். அமெரிக்காவில் அதற்குக் கொடுத்த அனுமதியே தெளிவான நகம் தற்காலிகமாகக் கூடும் என்பதற்குத்தான், பூஞ்சை ஒழியும் என்பதற்கு இல்லை.

பவானி செல்வி

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. சர்க்கரை டாக்டரிடம் பேசிவிட்டேன். ஃப்ளூகோனசோல் வேண்டாம் என்று அவரும் சொன்னார். ராத்திரி மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். டியூபில் க்ளோபீட்டாசால் இருக்கிறது. அதையும் நிறுத்தியாயிற்று.

ராத்திரி தொட்டுப் பார்த்தோம். வலது காலில் நடுவிரல், சுண்டுவிரல் இரண்டும் தெரியவில்லை. இடது காலில் சுண்டுவிரல் தெரியவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "தொடு பிள்ள, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது" என்றார். நான் தொட்டு முடித்திருந்தேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் அவராகவே, "சரி, டாக்டரைப் பார்த்துரலாம்" என்றுவிட்டார். வாரக்கணக்கில் நான் கெஞ்சியும் நடக்காதது.

இரண்டு சந்தேகம். தறியில் செருப்புப் போட்டு மிதிக்கமுடியாது என்கிறார். வெறுங்காலில்தான் மிதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியுமாம். குழியின் தரை மண், மழைக்காலத்தில் ஈரம் கசியும். என்ன செய்வது? இன்னொன்று, பக்கத்தில் எங்கே காட்டினால் இந்த நகப் பரிசோதனை செய்வார்கள்?

திண்டுக்கல் மருந்தாளுநர் (ஓய்வு)

உங்களுக்குப் பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் தோல் பிரிவு இருக்கும், கே.ஓ.ஹெச். அவர்களுக்கு அன்றாட வேலை. அதே நாளில் சர்க்கரைப் பிரிவில் கால் பரிசோதனையும் கேளுங்கள். நைலான் இழை ஒன்றை வளையும் வரை பாதத்தில் ஊன்றிப் பார்ப்பார்கள், அதிர்வுக் கருவி வைப்பார்கள், கணுக்காலில் ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். "பாதம் பாதுகாப்போம்" என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இதைத் திட்டமாகவே நடத்துகிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கேட்டால் நகத்தைவிட இந்தச் சோதனைதான் முக்கியம். நகம் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.

தறி விஷயம் கஷ்டம்தான். ஆறில் மூன்று தெரியாத காலுக்கு வெறுங்கால் வேலை கூடாது என்று புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். உங்கள் அப்பாவிடம் சொன்னால் அவர் தறியைத்தான் பார்ப்பார், புத்தகத்தை அல்ல. அதனால் முடிந்ததைச் செய்வோம். தையல் உறுத்தாத தடித்த பருத்திக் காலுறை, வெள்ளை நிறத்தில். ரத்தமோ சீழோ கசிந்தால் வெள்ளையில் உடனே தெரியும். அவருக்கு மிதி தெரியவும் செய்யும், சிராயும் நேராக ஏறாது. ஈரமானால் உடனே மாற்றவேண்டும். மிதிபலகையில் சிராய் இருக்கிறதா என்று நீங்கள் கையால் தடவிப் பாருங்கள், இழைத்துவிட்டு மேலே மெல்லிய ரப்பர் விரிப்பு ஒட்டிவிடலாம். குழித் தரையில் ஒரு பலகையோ தடித்த விரிப்போ போட்டு, வாரம் ஒரு தடவை வெயிலில் காயவையுங்கள். தறியை விட்டு எழுந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பாதத்தின் அடியைப் பார்க்கவேண்டும். அவருக்குக் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள், இல்லையென்றால் தரையில் ஒரு கண்ணாடி. வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதென்றால் குதிகாலோடு சரி, இடுக்கில் வேண்டாம்.

தறிக்கு வெளியே எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு, பின்னால் வார் வைத்தது. விரல் இடுக்கில் மாட்டுகிற செருப்பு அவருக்கு ஆகாது, சேற்றுப்புண் இருக்கிற இடத்திலேயே உரசும். இந்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பே நம் பக்கத்துச் சரக்குதான். 1950களில் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயில் உணர்வு போன கால்களுக்காக டாக்டர் பால் பிராண்டும் கூட இருந்தவர்களும் பாடுபட்டுக் கொண்டுவந்தது. இன்றைக்குச் சர்க்கரைக் கால்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது. வீட்டுக்குள்ளும் போடச் சொல்லுங்கள். பூஜை அறைக்கு மட்டும் கழற்றிக்கொள்ளட்டும், அதில் நான் தலையிடமாட்டேன்.

நகம் வெட்டுவது: குளித்த பிறகு, நேராக, ரொம்ப ஒட்ட வெட்டாமல். மூலையைத் தோண்டக்கூடாது. அந்தக் கட்டைவிரல் நகங்களை வீட்டில் வெட்டவே வேண்டாம், கால் பிரிவில் அராவி விடுவார்கள். வெட்டி அப்பாவுக்கென்று தனி. வீட்டில் வேறு யாருக்காவது சேற்றுப்புண், படர்தாமரை இருந்தால் அவர்களும் கூடவே காட்டிக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் துண்டு வழியாக மறுபடி அவருக்கே வரும்.

கொடிவேரி ராசு

ஐயா, கோபமெல்லாம் இல்லீங்க. மாமனாருக்கும் அந்தத் தொடுற டெஸ்ட்டைச் செஞ்சு பார்த்தோம், ஆறும் சொல்லிட்டார். ஆனா அவர் பிளேடைக் கேட்டா குடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணியாச்சு. அம்மணி, பெருந்துறைக்கு வண்டி வேணும்னா சொல்லுங்க, நம்ம பையன் அந்தப் பக்கம்தான் ஓட்டறான்.

பவானி செல்வி

வியாழக்கிழமை போகிறோம்ங்க. ராசு அண்ணா, வண்டிக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறேன். ஐயா, கடைசியாக ஒன்று: ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டுமா? கூட என்ன எடுத்துப்போவது?

திண்டுக்கல் மருந்தாளுநர் (ஓய்வு)

கல்லீரல், கிரியாட்டினின் இரண்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மட்டும் பஸ் ஏறிவிடாதீர்கள், போன வாரம்தான் 58 பார்த்தீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும், ஓ.பி. வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்லமுடியாது.

அதற்குள் நகத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், சுரண்டி எடுக்க அவர்களுக்கு ஏதாவது மிச்சம் வேண்டும். அன்றைக்கு எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் கூடாது. எல்லா மாத்திரையும் அட்டையோடு ஒரே பையில், அந்த டியூபும், மிச்சமிருக்கிற ஃப்ளூகோனசோலும் சேர்த்து. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, கடைசியாக எடுத்த எக்கோ ரிப்போர்ட் இருந்தால் அதுவும். தோல் டாக்டர் எதை எழுதினாலும், "இதோடு அமிட்ரிப்டிலினும் மெட்டோப்ரோலாலும் போடுகிறார், சரிதானுங்களா" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.